கடுகும் இன்ஸ்பெக்டரும்

ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதர் இரண்டாவது கல்யாணத்துக்குத் தலையாட்டுவதே பெரிய காரியம். பெற்ற மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், சொந்தபந்தம் வாயில் போட்டு மென்றது என்று ஏதாவது தடை வந்திருந்தால் அதில் ஒரு நியாயமாவது இருக்கும். லிஃப்ட்காரர் விஷயத்தில் மகள்தான் பின்னால் நின்று பிடித்துத் தள்ளினாள். சொந்தபந்தம், "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றது. குறுக்கே நின்றவை ஐந்து கோழிகளும் ஒரு நாயும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வரவில்லை.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். முப்பது வருஷமாக இதே வேலை. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து எத்தனையோ பேரை வெளியே எடுத்திருக்கிறார். வந்ததும் நன்றி சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள், ஏதோ அவர்தான் வேண்டுமென்றே உள்ளே போட்டுப் பூட்டிய மாதிரி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போவார்கள். அப்படித்தான் ஒருநாள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிக் கதவைத் திறந்தால், உள்ளே ஒரு நடுவயது அம்மாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்றுக்குட்டி அளவுக்கு இருந்த ஒரு நாயின் தலையை மடியில் வைத்து நிதானமாகச் சீவிக்கொண்டிருந்தார்.

"ஆயிடுச்சா? ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க. இந்தக் காது மட்டும் பாக்கி," என்றார்.

லிஃப்ட்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது.

அந்த அம்மாள்தான் கத்திரிக்காரம்மா. நாய்களுக்கு முடிவெட்டுவது தொழில். நாய்க்கு முடிவெட்டவும் ஒரு ஆளா என்று கிண்டல் செய்கிறவர்கள் எல்லாம், தங்கள் வீட்டு நாய்க்குச் சிக்குப் பிடித்ததும் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். ஐந்தாவது மாடியில் அவருக்கு ஓர் அறை இருந்தது. கட்டடத்தைப் பழுதுபார்க்கப் போகிறார்கள், மூன்று மாசத்துக்கு எங்கே போவதென்று தெரியவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். "எங்க வீட்டுப் பின்னாடி ஒரு ஷெட் சும்மாதான் கிடக்கு," என்று பதில் சொன்னது தன் வாய்தானா என்று லிஃப்ட்காரருக்கே சந்தேகம்.

"ஏம்ப்பா, என் சைக்கிளை வைக்கவே அந்த ஷெட்டைத் தர மாட்டேன்னீங்க," என்றாள் மகள். அவளுக்கு இருபத்தாறு வயது, மருந்துக்கடையில் வேலை. "யாரோ நாய்க்கு முடிவெட்டுற அம்மாவுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்க. நடக்கட்டும், நடக்கட்டும்."

"வாயை மூடு. அவங்களுக்கு வேற இடம் இல்ல."

"நான் ஒண்ணுமே சொல்லலையே!" அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

ஷெட்டுக்கு எதிரில் கம்பிவலை அடித்த மண்தரை. அதில்தான் ஐந்து கோழிகள். அதுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மனைவி இறந்த பிறகு ஒரு வருஷம் லிஃப்ட்காரர் வேலைக்குப் போனார், வந்தார், படுத்தார்; அவ்வளவுதான். சாப்பிட்டீர்களா என்று மகள் கேட்டால் சாப்பிட்டேன் என்று பொய் சொல்வார். ஒருநாள் அவள் ஓர் அட்டைப்பெட்டியில் ஐந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வைத்து, "எனக்கு நேரம் இல்ல, நீங்களே பாத்துக்குங்க," என்று போய்விட்டாள். அதுகளுக்குத் தண்ணீர் வைக்க எழுந்தவர்தான், அப்புறம் அந்தப் படுக்கைக்குத் திரும்பவில்லை. தன்னை எதிர்பார்த்து ஐந்து உயிர்கள் கூட்டுக்குள் காத்திருக்கின்றன என்கிற நினைப்பு ஒரு மனிதனை எழுப்பி உட்காரவைத்துவிடும். இதை அவர் மகளிடம்கூடச் சொன்னதில்லை. கத்திரிக்காரம்மாவிடம் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்.

ஐந்தில் பெரியவள் இன்ஸ்பெக்டர். யார் உள்ளே வந்தாலும் காலைச் சுற்றிவந்து, கையில் இருப்பதை எட்டிப் பார்த்து, சந்தேகம் தீர்ந்த பிறகுதான் விடுவாள். கதவு திறந்தால் முதலில் வெளியே நீளுவது அவள் தலைதான். மற்ற நாலும் அவள் பின்னால் போகிற கூட்டம். அதுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஷெட்டில் தொழில் ஆரம்பித்த முதல் வாரத்திலேயே லிஃப்ட்காரருக்கு ஒன்று புரிந்துபோயிற்று. நாய், நாய் என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோமே தவிர, அதெல்லாம் வேறு வேறு பிராணிகள். முதலில் வந்தது ஒரு லாப்ரடார். சாதுவான பிள்ளை, வாலை ஆட்டினால் உடம்பே ஆடும். அன்றைக்குக் கோழிகளின் கதவு சரியாகச் சாத்தவில்லை. இரண்டே நிமிஷம்! வாயில் ஒரு கோழியோடு வந்து லிஃப்ட்காரர் முன்னால் உட்கார்ந்தது. அவர் 'ஐயோ' என்று அலறிவிட்டார்.

"கத்தாதீங்க. கையை மட்டும் நீட்டுங்க," என்றார் கத்திரிக்காரம்மா.

நீட்டினார். லாப்ரடார், கீழே விழுந்த பொருளை எடுத்துத் தருகிற மாதிரி, கோழியை அவர் கையில் வைத்தது. கோழி முழுக்க எச்சில். ஓர் இறகு உதிரவில்லை.

"வேட்டையில சுட்டு விழுந்த பறவையைக் கடிக்காம எடுத்துட்டு வரணும்னே தலைமுறை தலைமுறையா வளர்த்த இனம். வாய் பஞ்சு மாதிரி. ஆனா அது கோழிக்குத் தெரியாதே, பயத்துலயே போய்ச் சேர்ந்துடும். முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க."

பார்டர் கோலி வேறு ரகம். வலைக்கு வெளியே தரையோடு தரையாகப் படுத்துக் கண் கொட்டாமல் முறைத்தது. குரைக்கவில்லை, பாயவில்லை. அந்த முறைப்புக்கே ஐந்து கோழிகளும் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. அடுத்த மூன்று நாள் ஒரு முட்டை கிடையாது. ஆடு மேய்க்கிற புத்தி, எதைக் கண்டாலும் ஒன்றுசேர்த்து மூலையில் நிறுத்தாவிட்டால் அதற்குத் தூக்கம் வராதாம். பீகிளுக்கோ கோழியைப் பற்றி அக்கறையே இல்லை. மூக்கு தரையைவிட்டு எழும்பினால்தானே! வெளியே உலாத்த விடும்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் செடி மறைவில் யாருக்கும் தெரியாமல் இட்டுவைத்திருந்த ஏழு முட்டைகளை அதுதான் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கூலிக்கு ஐந்தைத் தின்றும் தீர்த்தது. ஒரு கிரேஹவுண்ட் வந்து மூன்று மணி நேரம் துணிமூட்டையாகக் கிடந்தது. ஒரு கோழி சும்மா இறக்கையை அடித்து நாலடி ஓடியது, அவ்வளவுதான், படுத்த இடத்தில் நாயைக் காணோம். வலையில் மோதி நின்ற பிறகுதான் அதற்கே சுயநினைவு வந்தது.

"ஓடுறது எதுவும் கண்ணுல படக் கூடாது இவனுக்கு. பட்டா காது அடைச்சுக்கும். ஆண்டவனே வந்து கூப்பிட்டாலும் கேக்காது," என்றார் கத்திரிக்காரம்மா.

லிஃப்ட்காரருக்குப் பிடித்துப்போனது மந்தைக் காவலுக்கென்றே வளர்க்கிற பெரிய வெள்ளை மலைநாய் ஒன்றுதான். அது வலையோரம் சாய்ந்து தூங்கியது. பருந்து வட்டமிட்டபோது மட்டும் எழுந்து ஒரு குரல் கொடுத்துவிட்டு மறுபடி படுத்தது. "இந்த மாதிரி ஒண்ணு நாம வச்சுக்கலாம்," என்றார். அந்த 'நாம' இரண்டு பேர் காதிலும் விழுந்தது. இரண்டு பேரும் விழாத மாதிரி வேலையைப் பார்த்தார்கள்.

எந்த இனமாக இருந்தாலும் சரி, மேஜைமேல் ஏறியதும் கத்திரிக்காரம்மா முதலில் கேட்பது ஒன்றைத்தான். உள்ளங்கையை நீட்டி, "தாடை" என்பார். நாய் தன் தாடையை அந்தக் கையில் வைத்து அசையாமல் இருக்க வேண்டும். கண்ணோரத்தில் கத்திரி போகிற நேரம் அது. மற்ற கடைகளில் கழுத்துக்கு வார் போட்டுக் கம்பத்தில் கட்டிவிடுவார்கள். இவர் கட்டுவதில்லை. புது நாய் வந்தால் முதல் இரண்டு தடவை ஒரு முடிகூட வெட்டாமல், தாடை வைக்க மட்டும் பழக்கி அனுப்புவார்.

"கட்டிப்போட்டா வேலை சீக்கிரம் முடியுமே?" என்று லிஃப்ட்காரர் ஒருநாள் கேட்டார்.

"கட்டினா வார்தான் பிடிச்சு வைக்கும். வார் அறுந்தா என்ன பண்ணுவீங்க? இது அதுவா வச்ச தாடை. எப்ப வேணா எடுக்கலாம்னு அதுக்குத் தெரியும். அதனாலதான் எடுக்காது."

லிஃப்ட்காரருக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை. நாயை நம்பிக் கண்ணோரத்தில் கத்திரி வைப்பதா? அவர் தொழிலில் நம்பிக்கை என்றால் அது இரும்பில் இருக்க வேண்டும். கயிறு அறுந்தால் பிடிக்க ஒரு கொக்கி, அந்தக் கொக்கி விட்டால் பிடிக்க இன்னொரு கொக்கி.

கத்திரிக்காரம்மாவின் சொந்த நாயைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பெயர் கடுகு. ஜாக் ரஸ்ஸல் டெரியர், ஒன்பது வயது, முழங்கால் உயரம் இல்லை. வளைக்குள் புகுந்து எலியைப் பிடித்து ஒரே உதறலில் கழுத்தை முறிக்கவென்றே வந்த இனம். அவன் வந்த பத்தாவது நாள் அந்தத் தெருவில் எலி இல்லை.

"உங்ககிட்ட மறைச்சுப் பேச மாட்டேன்," என்றார் கத்திரிக்காரம்மா. "லாப்ரடார் தூக்கினா எச்சில் படும். இவன் தூக்கினா ஒரே உதறல். நான் 'ஏய்'னு சொல்லி முடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். தங்கமான பிள்ளைதான். ஆனா டெரியர்."

அதனால் கடுகுக்கு ஷெட்டோடு சரி. அவன் கதவிடுக்கில் மூக்கை வைத்து நாள் முழுக்கக் கோழிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பான். இன்ஸ்பெக்டர் அந்த மூக்குக்கு எதிரில் வந்து நின்று குறுக்கு விசாரணை செய்வாள்.

மூன்று மாசம் ஆறு மாசமாயிற்று. அடுக்குமாடியில் வேலை முடிந்தும் ஷெட் காலியாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்தாள்.

"நீங்களா பேசிக்கப் போறதில்ல. எனக்குப் பொறுமை போயிடுச்சு. கல்யாணம் பண்ணிக்குங்க."

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். கத்திரிக்காரம்மா நேராக அவரைப் பார்த்தார்.

"எனக்கு இஷ்டம்தான். உங்களுக்கும் இஷ்டம்தான்னு தெரியும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கடுகை நான் யார்கிட்டயும் குடுக்க மாட்டேன். கோழியை விட்டுடுங்கன்னு உங்களையும் கேக்க மாட்டேன், அதுங்க உங்களுக்கு என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா இவன் ஒரு கோழியைக் கொன்னுட்டா, நான் இந்த வீட்டுக்கு வர மாட்டேன்."

"அதெல்லாம் பரவாயில்லங்க..."

"வாயால பரவாயில்லம்பீங்க. காலையில கூட்டைத் திறக்கறப்ப அஞ்சுல ஒண்ணு குறையும். அப்ப உங்க முகம் போற போக்கை நான் தினமும் பாக்கணும். என்னால முடியாது."

சொன்னால் சொன்னதுதான் என்கிற ரகம் அந்த அம்மாள். அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதி கல்யாணப் பதிவு என்று முடிவாயிற்று. அதற்குள் லிஃப்ட்காரர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார், இரும்பை எடுத்தார். ஒரு பழைய லிஃப்டிலிருந்து கழட்டிய க்ரில்களை வைத்துக் கோழிகளின் வாசலில் ஒரு ஆள் நின்று திரும்பும் அளவுக்குக் கூண்டு கட்டினார். பக்கவாட்டில் க்ரில், மேலேயும் க்ரில்; முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. ஒன்று சாத்திக் கொக்கி விழுந்தால்தான் மற்றதன் பொத்தான் வேலை செய்யும். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கவே திறக்காது. தொழிலில் இதற்கு இன்டர்லாக் என்று பெயர். கதவு தானாகச் சாத்திக்கொள்ள எடைக்கல்லும் தொங்கவிட்டார். கரண்ட் போனால் இரண்டு கதவும் பூட்டியபடி நின்றுவிடும். அப்போது திறக்க, லிஃப்டுகளுக்கு இருக்கிற மாதிரியே ஒரு முக்கோணச் சாவி. மூன்று நாள் சாப்பாட்டை மறந்து செய்த வேலை. செய்து முடித்துத் தூர நின்று பார்த்தபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அந்தச் சாவி எனக்கு ஒண்ணு குடுங்க," என்று கத்திரிக்காரம்மா கை நீட்டினார்.

"அது வெளியாள் கையில இருக்கக் கூடாதுங்க. பழகாதவங்க கையில போனா ஆபத்து. கட்டடத்துல குடியிருக்கறவங்களுக்கே நாங்க தர்றதில்ல."

முப்பது வருஷமாக ஊரில் உள்ள வாட்ச்மேன்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம், அதுவாக வந்து விழுந்துவிட்டது. நீட்டிய கையைக் கத்திரிக்காரம்மா மெதுவாக மடக்கிக்கொண்டார். "சரி," என்று ஷெட்டுக்குள் போய்விட்டார். பக்கத்தில் நின்ற மகள் தலையில் அடித்துக்கொண்டாள். லிஃப்ட்காரருக்கு அப்போதும் உறைக்கவில்லை. சில பேருக்கு உறைக்க நேரமாகும்.

பதிவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு பேய்க்காற்று அடித்தது. காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே மூன்று பேர். லிஃப்ட்காரர் மொட்டைமாடி மோட்டார் அறையில் நின்று, பிரேக்கைக் கையால் தளர்த்தித் தளர்த்திப் பெட்டியை அங்குலம் அங்குலமாக இறக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வேலை நேரத்தில் கத்திரிக்காரம்மா கூப்பிட்டதே இல்லை.

"கடுகும் இன்ஸ்பெக்டரும் கூண்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. கரண்ட் இல்ல. கதவு திறக்கல." தூங்குகிற குழந்தை பக்கத்தில் பேசுகிற மாதிரி அவர் குரல் மெதுவாக இருந்தது.

நடந்தது இதுதான். முட்டை எடுத்துக்கொண்டு கத்திரிக்காரம்மா வெளியே வரும்போது, வழக்கம்போல இன்ஸ்பெக்டரும் கூடவே கூண்டு வரைக்கும் வந்திருக்கிறாள். பின்கதவு சாத்தியாயிற்று. முன்கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த அந்த நொடி, காற்று ஷெட்டுக் கதவைப் பிய்த்துத் திறந்திருக்கிறது. கடுகு அம்பு மாதிரி வந்து அவர் காலிடுக்கில் புகுந்து உள்ளே போய்விட்டான். அவர் தடுமாறி வெளியே விழ, எடைக்கல் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. டக்கென்று கொக்கி விழுந்தது. பொத்தானை அழுத்தினால் கரண்ட் போய்விட்டிருந்தது.

"கோழி...?" என்றார் லிஃப்ட்காரர்.

"உயிரோட இருக்கு. வால்ல ரெண்டு இறகு போச்சு. நான் க்ரில்லுக்குள்ள விரலை விட்டுத் 'தாடை'ன்னு கத்தினேன். இறகை வாயில வச்சுக்கிட்டே திரும்பி வந்து வச்சுட்டான். இப்பவும் வச்சிருக்கான். எவ்வளவு நேரம் வச்சிருப்பான்னு தெரியாது. சாவி எங்க இருக்கு?"

சாவி அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரையாவது கூப்பிட்டு க்ரில்லை அறுக்கச் சொன்னா..."

"அந்தச் சத்தத்துக்குக் கோழி பறக்கும். பறந்தா முடிஞ்சுது. நீங்கதான் வரணும்."

கீழே லிஃப்டுக்குள்ளிருந்து ஒருவர் கதவை இடி இடி என்று இடித்தார். "யோவ், என்னய்யா பண்றே மேல?" அவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டு வர முடியாது. அதை எப்படிச் சொல்வது என்று லிஃப்ட்காரர் திணறினார். அந்தம்மாவே சொல்லிவிட்டார்.

"அவங்களை முதல்ல எடுங்க. பதறாதீங்க. நீங்க பதறினா எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா இவனுக்குத் தெரியும்."

போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு லிஃப்ட் இறங்குகிற கிணற்றுக்குள் குனிந்து, முப்பது வருஷமாகச் சொல்கிறதைக் கீழே இருந்தவர்களுக்குச் சொன்னார். "பயப்படாதீங்க. கதவைத் தொடாதீங்க. அசையாம இருங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்." இடிக்கிற சத்தம் நின்றது. அதே சமயம் சட்டைப்பைக்குள்ளிருந்து சன்னமாகக் கேட்டது: "அசையாத தங்கம். பயப்படாத. நான் இங்கேயேதான் இருக்கேன்."

லிஃப்ட்காரர் குனிந்து சட்டைப்பையைப் பார்த்தார். இத்தனை வருஷமாக இரும்பும் கொக்கியும்தான் ஜனங்களைக் காப்பாற்றுகின்றன என்று நினைத்திருந்தாரே! கதவை இடிக்காமல் அவர்களைப் பிடித்து வைத்திருந்தது எந்தக் கொக்கி? அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கையை மட்டும் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை.

பன்னிரண்டு நிமிஷத்தில் மூன்று பேரும் வெளியே வந்தார்கள். இடித்த ஆள் திட்ட வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட்காரர் வண்டியை எடுத்துவிட்டார். எதிர்காற்று ஆளைத் தள்ளியது. பாதி வழியில் போன் தொடர்பு அறுந்தது. திரும்ப அடித்தார், மணி போனது, எடுக்கவில்லை. முட்டாள், மடையா, ஒரே வீட்டில் வாழப்போகிறவளுக்கு ஒரு சாவி கொடுக்க உனக்குக் கை வரவில்லையா என்று வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனார். கோழி செத்திருந்தால் சாகட்டும் என்று முதல் தடவையாக நினைத்தார். இன்ஸ்பெக்டரானாலும் சரி. அந்தம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் அவர் வேண்டிக்கொண்டது.

பின்பக்கம் ஓடியவர், மூலை திரும்பியதும் காலை மெதுவாக வைத்தார். தரையில் உடைந்த முட்டைகள். பக்கத்தில் கைதவறி விழுந்த போன். கத்திரிக்காரம்மா முழங்காலிட்டு, நெற்றியை முன்கதவில் முட்டுக்கொடுத்து, வலதுகையின் மூன்று விரல்களைக் க்ரில்லுக்குள் விட்டிருந்தார். அந்த விரல்களின்மேல் கடுகின் தாடை. வாயோரத்தில் ஓர் இறகு ஒட்டியிருந்தது. பின்னங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. கண் மட்டும் அந்தம்மாவின் கண்ணைவிட்டு நகரவில்லை.

இன்ஸ்பெக்டர் சும்மா இருந்தாளா? அவள்தான் இருப்பாளா! கடுகின் வாலைக் கொத்தினாள். வயிற்றுக்கடியில் புகுந்து இந்தப் பக்கம் வந்தாள். கழுத்துப்பட்டையைத் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு கொத்துக்கும் அவன் தோல் சிலிர்த்து அடங்கியது. தாடை எழும்பவில்லை.

"முப்பத்தெட்டு நிமிஷம்," என்றார் கத்திரிக்காரம்மா உதடு அசையாமல். "கதவைத் திறந்தா என் விரலை எடுத்தாகணும். அந்தப் பக்கக் க்ரில்லுல உட்காருங்க. விரலை உள்ள விட்டு, நீங்க கேளுங்க."

"நானா? என்கிட்ட வைப்பானா?"

"கேட்டாத்தானே தெரியும்."

லிஃப்ட்காரர் மண்டியிட்டார். கிரீஸ் படிந்த மூன்று விரல்களை உள்ளே விட்டார். "தாடை," என்றார், பாதி காற்றாகத்தான் வந்தது. கடுகு கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தான். அப்புறம் அந்தம்மாவைப் பார்த்தான். அந்தம்மா தலையை அசைத்தார். கடுகு இரண்டடி நகர்ந்துவந்து, ஒரு பெருமூச்சு விட்டு, தாடையை அவர் விரல்மேல் வைத்தான். சூடாக, ஈரமாக, கனமாக இருந்தது. எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அவன் எடுக்கவில்லை.

"சாவி," என்றார் கத்திரிக்காரம்மா.

மற்ற கையால் வளையத்திலிருந்து சாவியைக் கழட்டி லிஃப்ட்காரர் அவரிடம் நீட்டினார். வலதுகை விரல்கள் நீலம் பூத்து மரத்துப்போயிருந்ததால் அவர் இடதுகையால் வாங்கினார். முன்கதவைத் திறந்து சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தார். இன்ஸ்பெக்டரை அள்ளிக் கக்கத்தில் வைத்தார். பின்கதவைத் திறந்து அவளை அந்தப் பக்கம் விட்டுச் சாத்தினார். அதற்கப்புறம்தான் கடுகைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். லிஃப்ட்காரரும் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் இறக்கையை உதறிவிட்டு, ஊர்கூடி வரவேற்ற நாலு கோழிகளுக்கும் கொக்கரித்துக் கொக்கரித்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து லிஃப்ட்காரர் அந்த மரத்துப்போன விரல்களைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார்.

"நம்பி ஏமாந்துடாதீங்க," என்றார் கத்திரிக்காரம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "இவன் ஒண்ணும் மாறிடலை. டெரியர் டெரியர்தான். நான் பக்கத்துல இல்லேன்னா இன்னைக்கு இன்ஸ்பெக்டர் இல்ல."

"தெரியும். அப்ப பக்கத்துலயே இருங்க."

அந்தம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஷெட்டுப் பக்கம் இரண்டடி வைத்தவர், கையில் இருந்ததைப் பார்த்துத் திரும்பிவந்து சாவியை நீட்டினார்.

லிஃப்ட்காரர் வாங்கவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு நான் வேற செஞ்சுக்கறேன்."

"வெளியாளுக்குத் தர்றதில்லன்னீங்க?"

"ஆமா," என்றார் லிஃப்ட்காரர். "வெளியாளுக்குத் தர்றதில்ல."

கத்திரிக்காரம்மா சீப்பு தொங்குகிற இடுப்புக் கயிற்றில் சாவியைக் கோத்து, இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டார்.